பூனையின் வயிறு வழக்கத்துக்கு மாறாகத் தெரிந்தால்: அறிகுறி வாரியாகப் பார்க்கும் முறை

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு இருக்கிறது. தென்னந்தோப்பும் நெற்களமும் உள்ள ஊர் என்பதால், எலிக்காக வந்து வீட்டோடு ஒட்டிக்கொண்ட பூனைகள் எங்கள் தெருவில் ஏராளம். நெடுங்காலமாகப் பூனை வளர்க்கிறவள் என்பதால் அக்கம்பக்கத்தார் தங்கள் பூனைக்கு ஏதாவது என்றால் முதலில் என்னிடம் வந்து சொல்வார்கள். அப்படி வரும் கேள்விகளில் பெரும்பாலானவை வயிற்றைப் பற்றியவை. வயிறு தொங்குகிறது, வயிறு உப்பியிருக்கிறது, வயிறு கல்லாக இருக்கிறது என்று மூன்று விதமாகச் சொல்வார்கள். இந்த மூன்றில் ஒன்று பெரும்பாலும் நோயே இல்லை. ஒன்று சில நாள் அவகாசம் தரும். மற்றொன்று விடியும்வரை காத்திருந்தாலே உயிரைக் கொண்டுபோய்விடும். எது எந்த வகை என்று வீட்டிலேயே பிரித்துப் பார்ப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. எனவே மருந்தின் அளவு எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. எப்போது, எவ்வளவு விரைவாக மருத்துவரிடம் போக வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

வயிற்றைத் தொடுவதற்கு முன்

வயிற்றை மட்டும் பார்த்தால் எதுவும் தெரியாது. கொழுப்பு, நீர், மலம், சிறுநீர், வாயு, குட்டி, கட்டி என எது நிறைந்தாலும் வெளியிலிருந்து பார்க்க வயிறு பெரிதாகத்தான் தெரியும். ஆகவே முதலில் பூனையின் முதுகைத் தடவிப் பாருங்கள். கழுத்திலிருந்து வால்வரை விரலை மெதுவாக ஓட்டும்போது முதுகெலும்பு சதைக்குள் புதைந்திருந்தால் ஒரு கணக்கு. வயிறு பெருத்திருக்க, முதுகெலும்பு மட்டும் மணி மணியாகத் துருத்தினால் வேறு கணக்கு. இரண்டாவது வகைப் பூனை கொழுக்கவில்லை, உள்ளுக்குள் ஏதோ நோயால் மெலிந்துகொண்டிருக்கிறது.

அடுத்து மேலுதட்டைச் சற்றுத் தூக்கி ஈற்றைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்துப்போயிருந்தாலும் மஞ்சள் படிந்திருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பிறகு, பூனை தூங்கும்போது அதன் மூச்சை ஒரு நிமிடம் எண்ணுங்கள். நலமான பூனைக்கு அது 30-க்கு உள்ளேதான் இருக்கும். கடைசியாக, அது எப்போது சிறுநீர் கழித்தது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குப் போய் வரும் பூனையாக இருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது. அதனால்தான் உடம்புக்கு முடியாதது போலத் தெரியும் பூனையை ஓர் அறையில் மணல் தட்டோடு அடைத்து வைக்கச் சொல்கிறேன்.

மீண்டும் மீண்டும் மணலில் உட்கார்ந்து முக்குகிறது, அடிவயிறு உருண்டையாகக் கெட்டிப்பட்டிருக்கிறது

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், இதில்தான் நான் தவறு செய்தேன். எங்கள் வீட்டுச் செம்பட்டைக் கடுவன் ஒரு நாள் மாலை, வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் ஐந்தாறு முறை போய்க் குந்தியது. ஒவ்வொரு முறையும் முதுகை வளைத்து முக்கிவிட்டு, ஒன்றும் வராமல் எழுந்து, வாலுக்கடியில் நக்கிக்கொண்டது. முந்தின நாள் கோழி எலும்பு தின்றிருந்ததால் மலச்சிக்கல் என்றே நினைத்து, அரைக் கரண்டி விளக்கெண்ணெய் கொடுத்தேன். தெரிந்த ஒருவரிடம் போனில் கேட்டபோதும், 'வெளிக்குப் போகமாட்டேன் என்கிறது' என்றுதான் சொன்னேன். சொன்னது தவறாக இருந்ததால் கிடைத்த யோசனையும் தவறாகவே இருந்தது. விடியற்காலையில் அது கட்டிலுக்கடியில் சுருண்டு கிடந்தது. மஞ்சளாக வாந்தி எடுத்திருந்தது. அடிவயிற்றில் சாத்துக்குடி அளவுக்கு உருண்டையாக ஒன்று தட்டுப்பட்டது. மருத்துவர் அதை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்ததுமே, 'மூத்ரமாணு, மலமல்ல' என்றார். மெல்லிய குழாயை உள்ளே விட்டதும் கருஞ்சிவப்பாகச் சிறுநீர் வந்தது. கிண்ணம் நிரம்பி வழிந்ததை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

கடுவன் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. சிறுநீரில் உண்டாகும் மணல் போன்ற படிகங்களும் சளியும் சேர்ந்து அதில் அடைப்பான் போலப் பொருந்திவிடும். அதன்பின் சிறுநீர்ப்பை வீங்கிக்கொண்டே போகும். கழிவுகள் இரத்தத்தில் தேங்கும். பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பைக் குலைக்கும். முழு அடைப்பு ஏற்பட்டால் ஓரிரு நாளில் பூனை இறந்துபோகலாம். கருத்தடை செய்த கடுவனுக்கும் இது வரும். பெட்டைப் பூனைக்கு வருவது அரிது.

மலச்சிக்கலிலிருந்து இதைப் பிரித்தறிய ஒரே வழி, மணலில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான். எலுமிச்சை அளவில் ஈரக்கட்டி இருந்தால் சிறுநீர் போகிறது. சொட்டுச் சொட்டாகப் பல இடங்களில் ஈரம் இருந்தாலோ, சிவப்புத் திட்டு தெரிந்தாலோ சிறுநீர்ப்பையில் அழற்சி இருக்கலாம். கடுவனுக்கு அதுவே அடைப்பின் தொடக்கமாகவும் இருக்கலாம். ஈரமே இல்லை என்றால், மணி இரவு இரண்டானாலும் வண்டியை எடுங்கள். வீங்கிய வயிற்றை அழுத்திச் சிறுநீரை வெளியேற்ற முயல வேண்டாம், சிறுநீர்ப்பை கிழிந்துவிடும்.

உண்மையிலேயே மலச்சிக்கல் என்று தெரிந்தாலும், மனிதருக்கு வைக்கும் பாஸ்பேட் எனிமாவைப் பூனைக்கு வைக்கவே கூடாது. அது பூனையின் உடலில் உப்புச் சமநிலையைக் குலைத்து உயிரைப் பறிக்கும். இரண்டு நாளுக்கு மேல் மலம் போகாமல், சாப்பாடும் குறைந்தால் மருத்துவர் பார்க்கட்டும். வயதான பூனைக்கு மலக்குடலே விரிந்து தளர்ந்துபோவதும் உண்டு. அதற்கு எண்ணெயும் வாழைப்பழமும் உதவா.

நடக்கும்போது அடிவயிறு தொங்கி ஆடுகிறது

பின்னங்கால்களுக்கு முன்னால், தளர்ந்த பை போல ஒரு தோல் மடிப்பு தொங்கி, பூனை ஓடும்போது இடமும் வலமும் ஆடுகிறது. தொட்டால் மெத்தென்று இருக்கிறது. கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. பூனையும் தொடுவதைப் பொருட்படுத்தவில்லை. சாப்பாடு, ஓட்டம், தூக்கம் எல்லாம் வழக்கம்போல. அப்படியானால் நிம்மதியாக இருங்கள். அது இயல்பாக அமைந்த தோல் மடிப்பு. கடுவனுக்கும் உண்டு, பெட்டைக்கும் உண்டு. சண்டையில் பின்னங்கால் நகங்கள் குடலைக் கிழிக்காமல் தடுக்கவும், பாயும்போது உடல் நீளவும் அது பயன்படுகிறது என்று சொல்வார்கள். கருத்தடை செய்ததால்தான் வயிறு தொங்கிவிட்டது என்று மருத்துவரைக் குறை சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கருத்தடை செய்யாத தெருக் கடுவனுக்கும் இதே மடிப்பு இருப்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

அடிவயிற்றில் வரிசையாகத் தெரியும் சிறு புடைப்புகளும் பலரைப் பயமுறுத்துகின்றன. அவை முலைக்காம்புகள், பெரும்பாலும் எட்டு இருக்கும். கடுவனுக்கும் இருக்கும். உண்ணி என்று எண்ணி அவற்றைப் பிடுங்கப் பார்த்த ஒருவரை நான் தடுத்திருக்கிறேன்.

குட்டியின் வயிறு பானை போல இருக்கிறது, உடம்பு மட்டும் தேறவில்லை

இரண்டு மூன்று மாதக் குட்டி, வயிறு உருண்டு, மயிர் மங்கி, விலா எலும்பு தெரிய நின்றால், முதலில் புழுவைத்தான் நினைக்க வேண்டும். உருண்டைப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்குள் போய்விடும். ஆகவே 'இது வீட்டை விட்டு வெளியே போனதே இல்லை' என்பது ஒரு பதிலாகாது. சில சமயம் வாந்தியிலோ மலத்திலோ வேகவைத்த சேமியாவைப் போல நீளப் புழுக்கள் சுருண்டு கிடக்கும். மலவாய்க்குப் பக்கத்து மயிரில் காய்ந்த அரிசி போல ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. அது பெரும்பாலும் தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வருகிறது, எனவே தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் திரும்ப வரும்.

குட்டிகளுக்கு மூன்று வார வயதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு மாதம் ஆகும்வரை பூச்சி மருந்து கொடுப்பதும், அதன்பின் ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை கொடுப்பதும் பொதுவான நடைமுறை. உருண்டைப்புழுவுக்குப் பைரண்டல், நாடாப்புழுவுக்குப் பிரசிகுவாண்டல் என மருந்து வேறுபடும். அளவை உடல் எடை பார்த்து மருத்துவரே சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் மாடும் ஆடும் இல்லாத வீடு குறைவு. ஆட்டுக்கு வாங்கிய பூச்சி மருந்தில் ஒரு சொட்டைப் பூனைக் குட்டிக்குக் கொடுக்கும் பழக்கம் அதனால்தான் வருகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆட்டு மருந்தில் பரவலாக உள்ள அல்பெண்டசோல் பூனையின் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கக்கூடியது. நாயின் தெள்ளுக்குப் போடும் பெர்மெத்ரின் கலந்த மருந்தைப் பூனை மேல் தடவினால் வலிப்பு வந்து சாகும். காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுத்தால் ஒரே மாத்திரை போதும், பூனையைக் காப்பாற்றுவது கடினம்.

பூச்சி மருந்து கொடுத்தும் வயிறு வற்றவில்லை, வயிற்றுப்போக்கும் இருக்கிறது என்றால் பசும்பாலை நிறுத்திப் பாருங்கள். தாய்ப்பால் மறந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. வாயு சேர்ந்து வயிறு உப்பும். குட்டி சுருண்டு படுத்து, வாந்தி எடுத்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப் போட்டபடி குடிக்காமல் இருந்தால் அது புழுவாக இருக்க வாய்ப்பில்லை. தடுப்பூசி போடாத குட்டிகளைக் கொல்லும் பார்வோ வகை வைரஸ் நோயாக இருக்கலாம். அதற்கு ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

வயிறு பெருத்துக்கொண்டே போகிறது, முதுகு மெலிந்துகொண்டே வருகிறது

நான் மிகவும் அஞ்சுவது இந்தத் தோற்றத்தைத்தான். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் இருக்கும் பூனை. ஒன்றிரண்டு வாரத்தில் வயிறு நீர் நிரப்பிய பை போலத் தளதளவென்று ஆகிவிட்டது. தொட்டால் வலிப்பதாகத் தெரியவில்லை. சாப்பாடு குறைந்து, காய்ச்சல் ஏறி இறங்கி, எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காமல் நிற்கிறது. இப்படியிருந்தால் வயிற்றுக்குள் நீர் கோத்திருக்க வேண்டும். நீர் கோப்பதற்குக் கல்லீரல் நோய், இரத்தத்தில் புரதக் குறைவு, புற்று, அடிபட்டுச் சிறுநீர்ப்பை உடைந்தது எனப் பல காரணங்கள் உண்டு. ஆனால் இளம் பூனைக்கு முதலில் பார்க்க வேண்டியது, எஃப்.ஐ.பி. என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் பூனைகளின் வயிற்றுறை அழற்சி நோயை.

பூனைகளுக்கே உரிய ஒரு கொரோனா வைரஸ், மலத்தின் வழியாகப் பூனையிலிருந்து பூனைக்குப் பரவுகிறது. மனிதருக்கு வந்த கொரோனாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை, இது நமக்குத் தொற்றாது. பல பூனைகள் உள்ள வீட்டில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வைரஸ் இருக்கும். லேசான வயிற்றுப்போக்கோடு போய்விடும். மிகச் சிலவற்றின் உடலுக்குள் மட்டும் அது மாறி, இரத்தக் குழாய்களை அழற்சியுறச் செய்து, வயிற்றிலோ மார்பிலோ நீரைத் தேக்குகிறது.

மருத்துவர் ஊசியால் சிறிது நீரை எடுப்பார். அது வைக்கோல் நிறத்தில், விரலில் தொட்டால் பிசுபிசுத்து இழையாக நீளும். ரிவால்டா என்னும் எளிய சோதனையை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். காய்ச்சி வடித்த நீர் உள்ள கண்ணாடிக் குழாயில் ஒரு சொட்டு அடர் அசிட்டிக் அமிலத்தைக் கலந்து, அதன் மேல் பூனையின் வயிற்று நீரில் ஒரு சொட்டை விட்டார் மருத்துவர். அந்தச் சொட்டு கரையவில்லை. நுங்கின் துண்டு போலக் கலங்கலாகத் திரண்டு, மேலே சற்று ஒட்டியிருந்து, பிறகு மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. சொட்டு அப்படியே கரைந்து காணாமல் போயிருந்தால் எஃப்.ஐ.பி. இல்லை என்று பெருமளவு நம்பலாம்; திரண்டு நின்றால் சந்தேகம் வலுக்கிறது, ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாது. இரத்தத்தில் அல்புமின், குளோபுலின் என்னும் இரண்டு புரதங்களுக்கும் இடையே உள்ள விகிதம், நீரில் உள்ள அணுக்கள், வயதும் காய்ச்சலும் எல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்புவரை இந்த நோய் என்றால் சாவு என்றுதான் பொருள். 2019-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த நீல்ஸ் பெடர்சன் குழுவினர், ஜி.எஸ்.441524 என்னும் மருந்தால் இயற்கையாக நோயுற்ற பூனைகள் பிழைப்பதை வெளியிட்டார்கள். அதன்பின் நிலைமை மாறிவிட்டது. வழக்கமான சிகிச்சை 84 நாள். இடையில் பூனை தேறிவிட்டதென்று நிறுத்தினால் நோய் திரும்பும். ஆகவே, 'இதற்கு மருந்தில்லை, கருணைக்கொலைதான்' என்று பழைய தகவலை வைத்து யாராவது சொன்னால், இந்த மருந்தின் பெயரைச் சொல்லி இன்னொரு மருத்துவரிடம் கேளுங்கள். மருந்தை இணையத்தில் தெரியாத ஆளிடம் வாங்கி நீங்களே ஊசி போடாதீர்கள். எடை ஏற ஏற அளவு மாற வேண்டும், இரத்தச் சோதனையும் இடையிடையே வேண்டும்.

பெட்டையின் வயிறு பெருத்திருக்கிறது

பெட்டைக்கு நான்கு மாதம் ஆனாலே கருத்தரிக்க வாய்ப்புண்டு என்பதைப் பலர் நம்புவதில்லை. சினையானால் மூன்று வாரத்துக்குள் முலைக்காம்புகள் ரோஜா நிறமாகப் புடைக்கும், வயிறு இரு பக்கமும் சமமாகப் பருக்கும், பசி கூடும். காலம் ஒன்பது வாரம், ஏறக்குறைய 63 முதல் 67 நாள். குட்டி உண்டா என்று வயிற்றைப் பிசைந்து பார்க்க வேண்டாம். மூன்று நான்கு வாரத்தில் ஸ்கேனில் தெரியும். எத்தனை குட்டி என்று எண்ண வேண்டுமானால் 45 நாளுக்குப் பிறகு எக்ஸ்ரே எடுக்கலாம். ஈனும்போது அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை என்றாலோ, முதல் குட்டி வருவதற்கு முன்பே கரும்பச்சை நீர் கசிந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.

குட்டி போடவில்லை, ஆனால் வயிறு பெருத்திருக்கிறது, நிறையத் தண்ணீர் குடிக்கிறது, சோர்ந்து கிடக்கிறது, வாலுக்கடியில் ஓயாமல் நக்குகிறது. சில வாரங்களுக்கு முன் கத்திக் கத்திக் கடுவனைத் தேடியிருந்தது. இது கருப்பையில் சீழ் பிடித்ததாக இருக்கலாம். சீழ் வெளியே வழிந்தால் வாடையில் தெரிந்துவிடும். கருப்பையின் வாய் மூடிக்கொண்டால் ஒரு சொட்டும் வெளியே வராமல் வயிறு மட்டும் வீங்கும், அதுவே அதிக ஆபத்து. கருப்பையை எடுப்பதுதான் முறையான சிகிச்சை. கத்துவதை நிறுத்த மாத்திரையோ ஊசியோ போட்ட பெட்டைகளுக்கு இது வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே அந்த மாத்திரைகளை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஐந்தாறு மாதத்தில் கருத்தடை செய்துவிடுவதே நல்லது.

விரலுக்குக் கட்டி தட்டுப்படுகிறது

குட்டியின் தொப்புளில் மெத்தென்ற சிறு உருண்டை இருந்து, அழுத்தினால் உள்ளே போனால் அது தொப்புள் குடலிறக்கம். கருத்தடை அறுவையோடு சேர்த்துத் தைத்துவிடலாம். அது திடீரெனக் கெட்டிப்பட்டு, வலித்து, வாந்தியும் வந்தால் குடல் சிக்கிக்கொண்டது என்று பொருள்.

வளர்ந்த பெட்டையின் முலைக்காம்போரம் பட்டாணி அளவில் ஒரு கட்டி இருந்தால், 'சிறியதுதானே, வளரட்டும் பார்க்கலாம்' என்று விடாதீர்கள். பூனைகளின் மடிக் கட்டிகளில் பத்தில் எட்டுக்கு மேல் புற்றாகவே இருக்கின்றன. சிறியதாக இருக்கும்போதே எடுத்தால்தான் நாள் கூடும். இளம் பெட்டைக்கு எல்லா மடியும் ஒரே சமயத்தில் ஒன்றிரண்டு வாரத்தில் பெரிதாக வீங்கினால் அது பெரும்பாலும் ஹார்மோனால் வருவது, புற்றல்ல. அதையும் மருத்துவரே உறுதிசெய்ய வேண்டும். நாய் கவ்விய பின் வயிற்றோரம் மெத்தென்று புடைத்தால் தோலில் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே தசைச்சுவர் கிழிந்து குடல் வெளித்தள்ளியிருக்கலாம்.

தொட்டால் சீறுகிறது, வாந்தி நிற்கவில்லை

பூ கட்டும் நூல்தான் எங்கள் ஊர்ப் பூனைகளின் பெரிய எதிரி. வாடிய மல்லிகைச் சரத்தைக் கூடத்து மூலையில் போட்டால், பூனை அதை உருட்டி விளையாடி, கடைசியில் நூலை விழுங்கிவிடும். நூலின் ஒரு முனை நாக்கின் அடியில் மாட்டிக்கொள்ள, மறுமுனையைக் குடல் இழுத்துக்கொண்டே போகும். கோணியின் வாயைச் சுருக்குக் கயிறு இழுப்பது போலக் குடல் நூலின் மேல் மடிந்து மடிந்து, நாளடைவில் அறுபடும். வாயைத் திறந்து நாக்கின் அடியில் பாருங்கள். நூல் தெரிந்தால், அல்லது மலவாயில் முனை தொங்கினால், இழுக்கவும் வேண்டாம், அப்படியே விடவும் வேண்டாம். மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.

அறுவடை முடிந்து நெல் மூட்டைகள் அடுக்கிய நாளில் பூனை இப்படி ஆனால் எலிமருந்தை நினைக்க வேண்டும். கருஞ்சாம்பல் தூளாக வரும் சிங்க் பாஸ்பைடு வயிற்றில் நஞ்சுவாயுவாகிறது. வயிறு உப்பி, வாந்தியில் பூண்டு வாடை வரும். இதற்குச் சோறோ பாலோ ஊட்டினால் வாயு மேலும் கூடும். வண்டியில் போகும்போது கண்ணாடியை இறக்கி வையுங்கள். அந்த வாயு உங்களையும் தாக்கும். கட்டியாக வரும் புரோமடியோலோன் வகை மருந்து வேறு விதம்: தின்று இரண்டு மூன்று நாள் ஒன்றும் தெரியாது, பிறகு ஈறு வெளுத்து, உள்ளேயே இரத்தம் கசியும். அதற்கு வைட்டமின் கே1 மாற்று மருந்து. மருந்தின் உறை கிடைத்தால் கையோடு கொண்டுபோங்கள்.

மூச்சு விடும்போது வயிறு ஏறி இறங்குகிறது

வயிற்றில் குறை என்று கொண்டுவரப்படும் பூனைக்குச் சில சமயம் மார்பில்தான் குறை இருக்கும். நீர் கோத்த மார்பு, இதய நோய், வண்டியில் அடிபட்டு உதரவிதானம் (மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைச்சுவர்) கிழிந்தது ஆகியவற்றில் பூனை வயிற்றை உறிஞ்சி உறிஞ்சி மூச்சு விடும். உதரவிதானம் கிழிந்தால் குடல் மார்புக்குள் ஏறி, வயிறு காலியாக ஒட்டியும் தெரியலாம். வாயைத் திறந்து மூச்சு விட்டால் அதைப் படுக்க வைக்கவோ, தூக்கித் திருப்பிப் பார்க்கவோ வேண்டாம். அது உட்கார்ந்த நிலையிலேயே கூடையை அதன் மேல் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி எடுத்துப் போங்கள்.

முழு உடம்பும் கொழுத்திருக்கிறது

முதுகெலும்பும் விலாவும் தடவினாலும் தட்டுப்படவில்லை, பூனை நலமாக இருக்கிறது என்றால் கொழுப்புதான். மத்தியும் சோறும் மூன்று வேளை வைப்பதைக் குறைத்து, எடையை மெல்ல இறக்குங்கள். பட்டினி மட்டும் போட வேண்டாம். கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் உடல் கொழுப்பு கல்லீரலில் போய்ப் படிந்து, ஈறு மஞ்சளாகி, மரணம்வரை கொண்டுபோகும்.

மருத்துவரிடம் போகும்போது

கேரளத்துப் பக்கம் மிருகாசுபத்திரி, தமிழ்நாட்டுப் பக்கம் கால்நடை மருந்தகம், ஊரார் வாயில் இரண்டுமே மாட்டாஸ்பத்திரி. எங்களுக்கு வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர், கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சி. ஸ்கேனும் அறுவையும் வேண்டியிருந்தால் திருச்சூர்ப் பக்கம் மண்ணுத்தியிலும் உடுமலைப்பேட்டையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. புறப்படுவதற்கு முன் போன் செய்து, பூனையைப் பார்க்கும் மருத்துவர் அன்று இருக்கிறாரா என்று கேளுங்கள்; மாட்டுக்கு வெளியே போயிருந்தால் அங்கே போய்க் காத்திருப்பது வீண்.

பேசும்போது சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மலையாளம் பேசும் மருத்துவரிடம் 'ஒண்ணுக்கு', 'வெளிக்கு' என்று சொன்னால் மயக்கம் வரும். 'மூத்ரம் போகுந்நில்ல', 'மலம் போகுந்நில்ல' என்று பிரித்துச் சொல்லுங்கள். கடுவனா பெட்டையா, வயது, கருத்தடை ஆனதா, கடைசியாகச் சாப்பிட்டது, கடைசியாகச் சிறுநீர் கழித்தது, வயிறு எத்தனை நாளாக இப்படி, ஏதாவது மருந்து கொடுத்தீர்களா என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பதற்றத்தில் மறக்காது. நீங்கள் தவறாகக் கொடுத்த மருந்து இருந்தால் அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லுங்கள். விளக்கெண்ணெய் கொடுத்ததை மருத்துவர் கேட்பதற்கு முன்பே நான் சொன்னதால், வாந்தியின் காரணத்தை அவர் தேட வேண்டியிருக்கவில்லை.

வலியில் இருக்கும் பூனை வளர்த்தவரையும் கடிக்கும். தடித்த துண்டால் கழுத்துவரை சுற்றி, மூடியுள்ள கூடையில் வையுங்கள். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, பூனையைக் காட்டிய கையோடு நீங்களும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.